நடுவில் இருப்பது சும்மா இல்லை

ரெண்டு இரும்புப் படலம். நடுவுல ஒரு இன்சுலேட்டர். மேல் படலத்தின் காந்தத் திசையைத் திருப்பினால், கீழ்ப் படலத்துக்கு அது தெரியுமா?

"எப்படித் தெரியும்? அதான் நடுவுல இன்சுலேட்டர் இருக்கே!" இப்படிச் சொல்லத்தான் நமக்கு வாய் வரும். நாம் படித்த விதம் அப்படி. சர்க்யூட் டயகிராமில் இன்சுலேட்டர் என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே விடுகிற வெள்ளை இடம். அங்கே எதுவும் நடக்கக் கூடாது என்பதுதான் அதன் வேலையே. ஆனால் அந்த வெள்ளை இடம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு இளைத்துப்போனால் பதில் மாறிவிடும். கீழ்ப் படலத்துக்கு நன்றாகவே தெரியும். அதுவும் ஒரு வழியில் இல்லை, பல வழிகளில்.

ஃபர்ஸ்ட் இயர் எஞ்சினியரிங் ஃபிசிக்ஸில் வந்த மேக்னடிக் மெட்டீரியல்ஸ் யூனிட் ஞாபகம் இருக்கா? டயா, பாரா, ஃபெர்ரோ என்று ஒரு அட்டவணை, டொமைன் கொள்கை, ஹிஸ்டெரிசிஸ் லூப் படம், சாஃப்ட் ஹார்ட் வித்தியாசம். ரெண்டு மார்க் கேள்விக்கு நாலு பதில், பெரிய கேள்விக்கு ஒரு பதில். எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வரும்போது அந்த யூனிட்டும் மண்டையை விட்டு வெளியே வந்துவிடும். அதில் இருக்கிற இயற்பியலில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. கம்ப்யூட்டர் லேபில் ஓடிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் காந்த இயற்பியல், நான் பார்த்த பாடத்திட்டங்களில் ஒரு வரிகூட இல்லை.

என் கருத்து இதுதான்: மெல்லிய படலங்களுக்கு நடுவே நடக்கிற இந்தக் காந்தப் பிணைப்பை நாம் படிக்க வேண்டும், அதில் ப்ராஜெக்ட் எடுக்க வேண்டும். காரைக்காலில் இருந்துகொண்டே அது முடியும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இருபது வருஷம் நின்றுபோன வண்டி

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு, கூடவே ஸ்பின்னும் உண்டு. நாம் படிக்கிற எலக்ட்ரானிக்ஸ் முழுக்க மின்னூட்டத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஸ்பின்னைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இரண்டு காந்த உலோகப் படலங்கள், நடுவே மிக மெல்லிய இன்சுலேட்டர். எலக்ட்ரான்கள் அந்தச் சுவரைத் தாண்டிக் குதிப்பதில்லை. குவாண்டம் விதிப்படி, சுவர் இருக்கும்போதே அந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன. நாம் படித்த அதே டனலிங்தான். இரண்டு படலங்களின் காந்தத் திசையும் ஒரே பக்கம் இருந்தால் அதிக எலக்ட்ரான் கடக்கும், மின்தடை குறையும். எதிரெதிராக இருந்தால் மின்தடை கூடும். ஒன்றை 0 என்றும் மற்றதை 1 என்றும் வைத்துக்கொண்டால் மெமரி தயார்.

பிரான்ஸில் மிஷேல் ஜூலியேர் இதை 1975-லேயே செய்து பார்த்தார். இரும்பு, ஜெர்மானியம், கோபால்ட் என்று மூன்று அடுக்கு. மின்தடையில் சுமார் 14 சதவீத மாற்றம். ஆனால் திரவ ஹீலியம் குளிரில், 4.2 கெல்வினில்! அதற்குப் பிறகு இருபது வருஷம் வண்டி நகரவில்லை. அறை வெப்பநிலையில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. இரும்பும் கோபால்ட்டும் எல்லாரிடமும் இருந்தது. நடுவே இருந்த இன்சுலேட்டர்தான் சரியாக வரவில்லை. ஊசி முனையைவிடச் சின்ன ஓட்டை ஒன்று விழுந்தாலும் இரண்டு உலோகமும் அங்கே தொட்டுக்கொள்ளும். அப்புறம் டனலிங் எங்கே இருக்கும்? வெறும் ஷார்ட் சர்க்யூட்தான்.

1995-ல் இந்தக் கதவைத் திறந்த இரண்டு குழுக்களில் ஒன்றின் தலைவர் ஜகதீஷ் மூடேரா. மைசூர் பல்கலைக்கழகத்தில் படித்து, 1978-ல் ஐஐடி மெட்ராஸில் பிஎச்.டி. முடித்தவர். அமெரிக்காவின் எம்ஐடியில் அவருடைய குழு, அறை வெப்பநிலையில் சுமார் 12 சதவீத மாற்றத்தைக் காட்டியது. அதே ஆண்டு ஜப்பானில் மியாசாகியும் தெசுகாவும் 18 சதவீதம் காட்டினார்கள். இரண்டு குழுவுக்கும் கைகொடுத்த இன்சுலேட்டர் ஒன்றுதான்: அலுமினியம் ஆக்சைடு.

இது நமக்குப் புதுசு இல்லை. கடற்கரை ஊரில் இருக்கிறோம். ஹாஸ்டல் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று தினமும் பார்க்கிறோம். உப்புக் காற்றில் இரும்பின் துரு பொலபொலவென்று உதிரும், உள்ளே இருக்கிற இரும்பையும் தின்றுகொண்டே போகும். மெஸ்ஸில் இருக்கிற அலுமினிய அண்டா அப்படி உதிர்வதில்லை. காற்று பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடு படிந்து, கெட்டியாக மூடிக்கொள்ளும். ஓட்டை இல்லாத, ஒட்டிக்கொண்ட, மெல்லிய இன்சுலேட்டர். தேடியதும் அதுதானே? காந்தப் படலத்தின் மேல் அலுமினியத்தை மெல்லிசாகப் படியவைத்து, பிறகு அதை ஆக்சிஜனேற்றம் செய்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்க. மூடேரா குழுவின் அந்தச் சாதனம் இன்றைய சிப் ஃபேக்டரி மாதிரி லித்தோகிராஃபியில் செய்யப்படவில்லை. துளை போட்ட தட்டை வைத்துக் கோலமாவு தூவுகிற மாதிரி, உலோக மாஸ்க் வழியாக ஒவ்வொரு படலத்தையும் வெற்றிடத்தில் படியவைத்தார்கள். கீழே இருக்கும் பரப்பைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, படலம் திட்டுத் திட்டாகக் கட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்கிற அந்த ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்ததுதான் பலன் தந்தது.

அதற்கடுத்த பாய்ச்சலும் நடு அடுக்கில்தான். அலுமினியம் ஆக்சைடில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். மெக்னீசியம் ஆக்சைடு அணிவகுப்பு மாதிரி வரிசையான படிகம். அதை நடுவே வைத்தால் சில வகை எலக்ட்ரான் அலைகள் மட்டும் சுலபமாகக் கடக்கும் என்று 2001-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2004-ல் ஐபிஎம்மில் ஸ்டூவர்ட் பார்கினும் ஜப்பானில் யுவாசாவும் அதைச் செய்து காட்டினார்கள். அறை வெப்பநிலையில் 200 சதவீதத்தை ஒட்டிய மாற்றம். 2008-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 604 சதவீதம் வந்தது. சுவர் வெறும் தடுப்பாக நிற்கவில்லை, எதை விடணும் எதை விடக்கூடாது என்று சலித்து அனுப்பியது.

பிணைப்பு எங்கிருந்து வருகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மெமரி வேலை செய்ய, ஒரு படலம் அசையாமல் நிற்க வேண்டும், இன்னொன்று நாம் சொன்னபடி திரும்ப வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த இழுப்பைத்தான் காந்தப் பிணைப்பு என்கிறோம்.

முதல் வழி எல்லாருக்கும் புரிகிற வழி. படலத்தின் விளிம்பில் வட துருவம் தென் துருவம் உருவாகி, அங்கிருந்து புலம் கசியும். இதைச் சாப்பாட்டு மேசையிலேயே பார்க்கலாம். இரண்டு பார் மேக்னட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதிரெதிர்த் திசையில்தான் ஒட்டும். நடுவே அட்டை வைத்தாலும் இழுக்கும். அட்டையை அடுக்க அடுக்க இழுப்பு குறையும்.

இரண்டாவது வழி, மேலே சொன்ன நுண்ணிய ஓட்டை. இரு உலோகமும் தொட்டுக்கொண்டால் காந்தங்கள் நேரடியாகக் கைகோர்த்து ஒரே பக்கம் திரும்பும்.

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் நம் ஊர்க் காலண்டரோடு ஒரு ஒற்றுமையும் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறினாலும், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதே 1962-ல் லூயி நீல் என்கிற பிரெஞ்சு இயற்பியலாளர், இரண்டு மெல்லிய காந்தப் படலங்களுக்கு இடையே ஒரு புதுவகைப் பிணைப்பு இருக்கிறது என்று பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதினார். "நீல் வெப்பநிலை" என்று ரெண்டு மார்க்கில் வருமே, அதே ஆள்தான். 1970-ல் நோபல் வாங்கினார். அன்று காரைக்கால் கடைத்தெருவில் அந்தக் கட்டுரையைக் கொடுத்திருந்தால் தலைப்பையாவது சரளமாகப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்!

அவர் சொன்னது இது. எந்தப் படலமும் கண்ணாடி மாதிரி இருக்காது, மேடு பள்ளம் இருக்கும். கீழ்ப் படலம் எப்படி நெளிகிறதோ, அதன் மேல் படிகிற அடுக்குகளும் அப்படியே நெளியும். ஒவ்வொரு மேட்டின் சரிவிலும் குட்டிக் குட்டித் துருவங்கள் உருவாகும். எதிரே இருக்கிற படலத்தின் சரிவில் எதிர்த் துருவம் இருந்தால் ஆற்றல் குறைவு. அதனால் இரண்டு படலமும் ஒரே திசையில் இருக்கவே விரும்பும். ஆரஞ்சுப் பழத் தோல் போன்ற பரப்பு என்பதால் இதை ஆரஞ்சுத் தோல் பிணைப்பு என்றே சொல்கிறார்கள். மேட்டின் உயரம் இரண்டு மடங்கானால் பிணைப்பு நான்கு மடங்காகும்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். காரைக்காலும் பாண்டிச்சேரியும் ஒரே யூனியன் பிரதேசம், நடுவில் சுமார் 130 கிலோமீட்டர் தமிழ்நாடு. அங்கே லீவு விட்டால் இங்கேயும் லீவு, நடுவில் இருக்கிற சீர்காழியில் ஸ்கூல் நடந்துகொண்டிருக்கும். ஆனால் பஸ் போகவேண்டியது சீர்காழி, சிதம்பரம் வழியாகத்தானே? அந்த ரோடு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நம் பயணமும். நடு அடுக்கின் மேடு பள்ளமும் அதே மாதிரிதான்.

நான்காவது வழி முழுக்கக் குவாண்டம். நடுவே உலோகம் இருந்தால், அதன் எலக்ட்ரான்கள் செய்தியைச் சுமந்து போகும். 1986-ல் பீட்டர் க்ரூன்பெர்க் இரும்பு, குரோமியம், இரும்பு அடுக்கில் எதிர்த்திசைப் பிணைப்பைக் கண்டார். 1990-ல் பார்கின், நடு உலோகத்தின் கனத்தைக் கூட்டக் கூட்டப் பிணைப்பு ஒரே திசை, எதிர்த்திசை என்று மாறி மாறி வருவதைக் காட்டினார். இந்த அடுக்குகளில்தான் க்ரூன்பெர்க்கும் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் 1988-ல் ராட்சதக் காந்தமின்தடையைக் கண்டுபிடித்தார்கள். 1997-ல் அது ஐபிஎம் ஹார்ட் டிஸ்க்குக்குள் போனது. 2007-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

நடுவே இன்சுலேட்டர் இருந்தால்? சுமந்து போக அங்கே கட்டற்ற எலக்ட்ரானே கிடையாது. ஆனால் டனலிங் வழியாகவே பிணைப்பு வரலாம் என்று 1989-ல் ஸ்லோன்செவ்ஸ்கி கணக்கிட்டுச் சொன்னார். 2002-ல் பிரான்ஸின் நான்சி நகர ஆய்வுக் குழு அதைப் பார்த்துவிட்டது. இரும்பு, மெக்னீசியம் ஆக்சைடு, இரும்பு. ஆக்சைடின் கனம் சுமார் 0.8 நானோமீட்டருக்குக் கீழே போனபோது, இரண்டு இரும்புப் படலங்களும் எதிரெதிர்த் திசையில் பிணைந்தன. 0.8 நானோமீட்டர் என்றால் நாலே நாலு அணு வரிசை. கனம் கூடக் கூட இந்தப் பிணைப்பு மளமளவென்று செத்துப்போகும். ஆக்சைடில் அங்கங்கே ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலி இடங்கள் இருந்தால் பிணைப்பு பலமாகலாம் என்று பிறகு வந்த கணக்குகள் சொல்லின. அதாவது இன்சுலேட்டரில் இருக்கிற ஒரு குறைகூட, காந்தங்களுக்கு நடுவே பேச்சுவார்த்தை நடத்துகிறது.

இதனால் யாருக்கு என்ன?

சும்மா ஆர்வக் கதை இல்லை இது. எம்ரேம் என்கிற காந்த மெமரியை ஃப்ரீஸ்கேல் 2006-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாம்சங் 2019-ல் 28 நானோமீட்டர் சிப்புக்குள்ளேயே அதைப் பதித்து விற்கத் தொடங்கியது. கரண்ட் போனாலும் இது மறக்காது. புயல் சீசனில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்து பழகிய நமக்கு, மறக்காத மெமரியின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இதை டிசைன் பண்ணுகிறவரின் தலைவலியை யோசியுங்க. ஆக்சைடு கனமாக இருந்தால் மின்தடை எகிறும், எழுதத் தேவையான மின்னோட்டத்தை அனுப்ப முடியாது. மெலிதாக்கினால் மின்தடை இறங்கும், ஆனால் பிணைப்பு ஏறும். பிணைப்பு ஏறினால் ஹிஸ்டெரிசிஸ் லூப் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகரும். 0-வில் இருந்து 1-க்குப் போவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம் என்று ஆகிவிடும். ஃபர்ஸ்ட் இயரில் நாம் சமச்சீராக வரைந்த அந்த லூப், ஏன் நகர்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஒரு பக்கம் இப்படிப் பிணைப்போடு சண்டை. இன்னொரு பக்கம், அதே சாதனத்தில் அசையாத படலத்தை அசையாமல் பிடித்துவைக்க, இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான ருத்தீனியத்தை வைத்து வேண்டுமென்றே எதிர்த்திசைப் பிணைப்பை உண்டாக்குகிறார்கள். எங்கே பிணைக்கணும், எங்கே பிரிக்கணும் என்று தீர்மானிப்பது எஞ்சினியரிங். அதுதானே நம் படிப்பு?

"சரி பாஸ், இதெல்லாம் பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா?" நியாயமான கேள்வி. வீட்டில் லோன் கட்டிக்கொண்டிருக்கிறவங்க கேட்டே ஆகணும். நேர்மையாகச் சொன்னால், கேம்பஸுக்கு வருகிற சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவில் இதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்தில் தொலேராவும் சானந்தும் செய்திகளில் அடிபடுகின்றன. ஒரு ஃபேபில் ப்ராசஸ் எஞ்சினியரின் வேலை என்ன? நானோமீட்டர் கனப் படலத்தை ஒரே சீராக, மேடு பள்ளம் இல்லாமல், ஆயிரக்கணக்கான வேஃபரில் திரும்பத் திரும்பப் படியவைப்பது. காந்தப் படலமோ சிலிக்கானோ, நடு அடுக்கை மதிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை உண்டு.

"நம்மகிட்ட லேப் இல்லையே" என்பது அடுத்தது. உண்மைதான். கோடிகள் செலவாகும் ஸ்பட்டரிங் மெஷின் எல்லாக் கல்லூரியிலும் வராது. ஆனால் உங்க ரூமில் வேலோரன்ட் ஓடுகிற கேமிங் லேப்டாப் இருக்கா? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட மியூமேக்ஸ் என்கிற இலவச மென்பொருள், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும். காந்தப் படலங்களை நானோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். இரண்டு படலம், நடுவே காலி இடைவெளி, வெளியிலிருந்து ஒரு புலம். இடைவெளியை மாற்றி மாற்றி லூப் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்க. விளிம்புப் புலத்தின் விளையாட்டு ஒரே வாரக்கடைசியில் புரிந்துவிடும்.

நிஜமான படலத்தைத் தொட்டுப் பார்க்கணுமா? அதற்கும் வழி இருக்கிறது. மத்திய மின்னணு அமைச்சகத்தின் நானோஎலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம், ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் உள்ள ஆய்வகங்களை வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் திறந்துவிடுகிறது. மும்பை துருவா அணு உலையில், நியூட்ரான்களைப் படலத்தின் மேல் பிரதிபலிக்கவைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு காந்தம் இருக்கிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது. விண்ணப்பித்தவுடன் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. உருப்படியான ஒரு பக்கத் திட்டம் எழுதணும், கைடு கையெழுத்துப் போடணும். விண்ணப்பிக்காமலே "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று முடிவு செய்துகொள்வதில்தான் எனக்குச் சண்டை.

ஆகவே மூன்று வேண்டுகோள். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கு: மேக்னடிக் மெட்டீரியல்ஸ் யூனிட்டில் அரை மணி நேரம் ஒதுக்கி, இரண்டு படலமும் ஒரு நடு அடுக்கும் வரைந்து காட்டுங்கள். அட்டவணை மனப்பாடத்தில் கொஞ்சம் குறைந்தால் நஷ்டமில்லை. ஈசிஇ, ஃபிசிக்ஸ், மெக்கானிக்கல் ஆட்களுக்கு: இது ஒரே டிபார்ட்மென்ட்டில் அடங்காத வேலை. பரப்பின் மேடு பள்ளம் மெக்கானிக்கல்காரருக்குத் தெரிந்த விஷயம், டனலிங் ஃபிசிக்ஸ்காரருக்கு, மெமரி சர்க்யூட் ஈசிஇக்கு. சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் போடுங்க.

மூன்றாவது, இந்த வருஷம் ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிற உங்களுக்கு. சீனியர் ரிப்போர்ட்டில் பேரை மாற்றி இன்னொரு தானியங்கித் தெருவிளக்கு செய்யும் முன்னாடி, ஒரே ஒரு சனிக்கிழமை கொடுங்க. மியூமேக்ஸை இறக்கி இரண்டு படலத்தை வையுங்க. இடைவெளி 1 நானோமீட்டர், 2 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று மாற்றி மூணு லூப் எடுங்க. மூணும் ஒரே இடத்தில் இருக்காது. ஏன் இல்லை என்று எழுதத் தொடங்கினாலே உங்க முதல் சாப்டர் ரெடி.